குப்பனுக்குக் கால் சரியில்லை

"எந்தக் கால்?" என்று கேட்டார் மிஸ்டர் லிம்.

சன்னாசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தக் கால் என்று அவர் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

"சன்னாசி, மானா காக்கி? நாலு கால் இருக்கு. எது சூடு?"

"இடது பக்கம் போஸ்," என்றார் சன்னாசி. சொன்னதுதான் சொன்னோம், பாதியில் நிறுத்துவானேன் என்று நினைத்தாரோ என்னவோ, "முன்னங்காலு," என்று சேர்த்துக்கொண்டார்.

லிம் அப்படியே லாயத்துத் தரையில் மண்டியிட்டார். அறுபது வயது மனிதர், வெள்ளைக் கால்சட்டை வேறு. குதிரையின் இடது முன்னங்காலை முழங்காலிலிருந்து குளம்புவரை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். குதிரை குனிந்து அவருடைய தொப்பியை முகர்ந்தது. அந்தக் காலில் ஒன்றுமே இல்லை. ஈப்போவில் அன்றைக்கு இருந்த கால்களிலேயே உருப்படியான கால் அதுதான்.

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"லேசாத்தான் போஸ். கையில தெரியாது."

"ஒனக்குத் தெரியுதா?"

"ம்."

இந்த ஒரு "ம்"தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நடந்தது இவ்வளவுதான். அன்று வியாழக்கிழமை. விடிந்ததும் குதிரைகளைக் குளிப்பாட்டிவிட்டு, பந்தயத் திடலுக்குப் பின்னால் இருக்கும் கருப்பம்மாள் கடைக்கு சன்னாசி ரொட்டி சானாய் சாப்பிடப் போனார். அங்கே மாயாண்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து லாயத்தில் குதிரை பார்ப்பவர், சன்னாசிக்கு நாலு வயது மூத்தவர். சன்னாசியைக் கண்டதும் கடை முழுக்கக் கேட்கும்படி ஒரு கேள்வியைப் போட்டார்.

"என்ன சன்னாசி, ஞாயித்துக்கிழம மூணாவது கோப்பையும் ஒங்க ஆளுக்குத்தானா?"

கடையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதாவது, இருபத்து நான்கு கண்கள்.

நம் ஆட்கள் நல்லதை நல்லது என்று வாய்விட்டுச் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. மகன் டாக்டருக்குப் படித்தால் "என்னமோ படிக்கிறான்". மாடி வீடு கட்டினால் "தலைக்கு மேல ஒரு கூர". குழந்தை கொழுகொழுவென்று தவழ்ந்தால் "எங்க, ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குது". கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. சன்னாசி இந்த விஷயத்தில் மற்றவர்களைவிட இரண்டு படி மேல். அவர் பார்க்கும் குதிரைக்குப் பந்தயப் புத்தகத்தில் இருக்கும் பெயர் 'கிந்தா எம்பரர்'. பேரரசன் என்று பெயர் வைத்துவிட்டு ஊர்க் கண்ணுக்கு யார் பதில் சொல்வது? குதிரை வந்து இறங்கிய அன்றே சன்னாசி அதற்குக் குப்பன் என்று பெயர் மாற்றிவிட்டார். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் பிறந்த தொழிலாளர் லயத்தில், பிறந்த பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்கு அந்தப் பெயரைத்தான் வைப்பார்கள். குப்பைதானே என்று எமன்கூடத் தாண்டிப் போய்விடுவான் என்று நம்பிக்கை.

ஆகவே மாயாண்டி கேட்ட கேள்விக்கு சன்னாசி முறைப்படி பதில் சொன்னார். "எங்கண்ணே! குப்பனுக்குக் காலு சரியில்ல. சூடா இருக்கு. ஓடுமோ என்னமோ."

மாயாண்டியும் முறைப்படி உச்சுக்கொட்டி, "எங்களுதும் அப்பிடித்தான். மூச்சு வாங்குது, நிக்கவே முடியல," என்றார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே பால் சேர்க்காத தே ஓ வாங்க நின்றிருந்த லிம்மின் டிரைவருக்குப் பாதித் தமிழ் தெரியும். அந்தப் பாதி போதுமானதாக இருந்தது.

குதிரைகளைப் பழக்குகிற லிம், சின்ன வயதில் ஈப்போவில் தமிழர் நிறைந்த புந்தோங்கில் வளர்ந்தவர். பிறகு இருபது வருடம் மக்காவ் நகரத்தில் இருந்துவிட்டு மூன்று வருடத்துக்கு முன்தான் ஊர் திரும்பினார். தமிழர் பேசுவது அவருக்குப் புரியும். எதை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பதுதான் புரியாது. போதாக்குறைக்கு, கால் விஷயத்தில் சன்னாசியின் சொல் அவருக்கு வேதவாக்கு. போன வருடம் ஒரு குதிரையை எக்ஸ்ரே எடுத்து எல்லோரும் ஓடலாம் என்றபோது, சன்னாசி மட்டும் பின்னங்காலில் கையை வைத்துப் பார்த்து, "வேணாம் போஸ்," என்றார். மூன்றாம் நாள் அந்தக் கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியது. அப்படிப்பட்ட கை அது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் "ம்" என்றுவிட்டாரே!

"நாளைக்கு ஓட்டப் பயிற்சி கிடையாது," என்றார் லிம். "ஐஸ் கட்டு."

சன்னாசி ஐஸ் எடுக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நடப்பது சாதாரணப் பந்தயம் அல்ல. மூன்று கோப்பைத் தொடர் என்று பெயர். நான்கு வயதுக் குதிரைகள் மட்டும் ஓடலாம். முதல் கோப்பை ஆயிரத்து இருநூறு மீட்டர், அதற்கு வேகம் போதும். இரண்டாவது ஆயிரத்து அறுநூறு, அதற்கு வேகத்தோடு புத்தியும் வேண்டும். மூன்றாவது இரண்டாயிரம் மீட்டர், அதற்கு நெஞ்சு வேண்டும். மூன்றும் ஒரே குதிரையிடம் அமைவது அபூர்வம். தொடர் தொடங்கி முப்பத்து மூன்று வருடத்தில் இரண்டே குதிரைகள்தான் மூன்றையும் வென்றிருக்கின்றன. திடலின் வாசலில் ஒரு தேக்குப் பலகையில் அவற்றின் பெயர்கள் தங்க எழுத்தில் இருக்கும். சில்வர் லோம்போங், மிஸ் தம்பூன்.

அந்த இரண்டையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் சன்னாசிக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சில்வர் லோம்போங் கிளம்பும்போது எப்போதும் கடைசி. வேலைக்குத் தாமதமாகப் போகும் அரசாங்க ஊழியர் மாதிரி அசைந்து அசைந்து வெளியே வருமாம். எண்ணூறு மீட்டர் தாண்டிய பிறகு அதன் வாலைத்தான் மற்ற குதிரைகள் பார்க்குமாம். மிஸ் தம்பூனை சன்னாசியே கண்ணால் கண்டார். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் அது. சின்ன உருவம், பெண் குதிரை. மூன்றாவது கோப்பையின்போது கொட்டிய மழையில் எதிரே இருந்தது எதுவும் தெரியவில்லை. மழைக்குள் ஒன்பது குதிரைகள் போயின. வெகுநேரம் வெறும் மழைதான். பிறகு மழையிலிருந்து ஒரே ஒரு குதிரை வெளியே வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் சன்னாசிக்கு மயிர்க்கூச்செறியும்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடமாக அந்தப் பலகையில் மூன்றாவது பெயர் ஏறவில்லை. அத்தனை வருடமும் சன்னாசி குதிரைகளைக் கழுவினார், நடத்தினார், சாணம் அள்ளினார். நல்ல குதிரைகள் வந்தன, போயின. பலகைக்கு உரிய குதிரை வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. குப்பன் முதல் கோப்பையை இரண்டு குதிரை நீளத்திலும், இரண்டாவதை நான்கு குதிரை நீளத்திலும் ஜெயித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஓடாவிட்டால் அவ்வளவுதான். எந்தக் குதிரைக்கும் நான்கு வயது இரண்டு தடவை வராது.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மை என்ன? குதிரை நன்றாக இருக்கிறது என்பது. அதை வாய்விட்டுச் சொல்வதா? பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பா? அதற்கு நிஜமாகவே குப்பனின் காலில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று சன்னாசி நினைத்தார்.

அன்று பகல் முழுவதும் ஆரோக்கியமான ஒரு காலுக்கு ஐஸ் கட்டிக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்கடா குப்பா," என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். குப்பன் ஐஸைத் தின்றான்.

சாயங்காலம் வீட்டில் மனைவி பாப்பாவிடம் யோசனை கேட்டார். 

"பொய் சொல்லிட்டேன்னு ஒத்துக்கவா?"

"ஒத்துக்கிட்டு?"

"நல்லா இருக்குன்னு சொல்லணும்."

பாப்பா பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினாள். "அத மட்டும் சொல்லிராதீங்க. நம்ம விமலா வீட்டுக்காரரு புதுக்காடி நல்லா ஓடுதுன்னு ஒரு வார்த்ததான் சொன்னாரு. மறுநாளு தைப்பிங் போற வழியில ரேடியேட்டர் புட்டுக்கிச்சு."

"அப்ப என்னதான் செய்யறது?"

பாப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டே யோசித்தாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். எந்தச் சிக்கலுக்கும் அவளிடம் வழி உண்டு. "ஒரேயடியா நல்லாயிருச்சுன்னா கண்ணு படும். கொஞ்சங்கொஞ்சமா எறக்குங்க. நாளைக்குக் கால் நோவு போயி வயித்து நோவு வந்துருச்சுன்னு சொல்லுங்க. நாளாநிக்கு வயித்து நோவு ஏப்பமாயிருச்சுன்னு சொல்லுங்க. ஏப்பத்தோட ஓடிரும்லா?"

சன்னாசிக்கு அது பிரமாதமான யோசனையாகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் லிம்மிடம் போய், "போஸ், காலு சூடு எறங்கிருச்சு," என்றார். லிம்மின் முகம் மலர்ந்தது. "வயிறுதான் கொஞ்சம் மந்தமா இருக்கு," என்றார். மலர்ந்த முகம் சுண்டிப்போனது.

குதிரைக்கு வயிற்றுவலி என்பது ஓமத் தண்ணீரில் போகிற சமாச்சாரம் அல்ல. அதன் உயிரையே கொண்டுபோய்விடும். சன்னாசிக்கு இது இருபத்தெட்டு வருடமாகத் தெரியும். பாப்பா சொன்ன அழகில் மறந்துவிட்டார்.

"ஓட்ஸ் நிறுத்து!" என்று கத்தினார் லிம். "காய்ஞ்ச புல்லு மட்டும். கொஞ்சமா. மணிக்கு ஒரு தடவ நடக்க வை."

ஓட்ஸ் நின்றது. மதியத்துக்குள் குப்பனின் வயிறு நிஜமாகவே இரையத் தொடங்கியது. லிம் அதன் விலாவில் காதை வைத்துக் கேட்டார்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கே சன்னாசி. என்ன சத்தம் இது?"

பசி என்று ஒரு குழந்தைகூடச் சொல்லும். ஆனால் பசிக்கிறது என்றால் வயிறு நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடும். சன்னாசி கூரையைப் பார்த்தபடி, "தெரியல போஸ்," என்றார்.

சாயங்காலத்துக்குள் குப்பன் தன் தண்ணீர் வாளியை உதைத்து அடுத்த கொட்டடிக்கு அனுப்பினான். சன்னாசியின் பனையோலைத் தொப்பியில் பாதியைத் தின்றான். மீதிப் பாதி சன்னாசியின் தலையில் இருந்ததால் தப்பித்தது.

சனிக்கிழமை சன்னாசிக்கே ஒரு யோசனை உதித்தது. வாயால் சொன்னால்தானே வம்பு? லிம் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டால்? குப்பனை அலுவலக ஜன்னலுக்கு நேரே ஒரு நடை கூட்டிப் போனால் போதும். அந்த நடையைப் பார்க்கிறவர் எவரும் கால் சரியில்லை, வயிறு சரியில்லை என்று சொல்ல முடியாது. யாரும் எதுவும் பேச வேண்டியதே இல்லை.

யோசனை நல்ல யோசனைதான். இரண்டு நாள் ஓடாமல் அடைந்து கிடந்த பந்தயக் குதிரை அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. வெளிக்காற்று பட்டதும் குப்பன் நாலு காலையும் தூக்கி ஒரு துள்ளு துள்ளினான். ஐஸ் உறை ஒரு பக்கம் பறந்தது. கயிற்றைப் பிடித்திருந்த சன்னாசி பட்டத்தின் வால் மாதிரி பின்னாலேயே போனார். திடலின் பாதிச் சுற்று அப்படிப் போனபின், பக்கத்து லோங்காங்கில் விழுந்தார். குப்பன் உடனே நின்று, திரும்பி வந்து, சாக்கடையோரம் தலையை நீட்டி அவரை முகர்ந்து பார்த்தான். கயிற்றைப் பற்றிக்கொண்டு சன்னாசி மேலே ஏறினார். இடது கால் சுளுக்கிக்கொண்டிருந்தது.

இருவரும் அலுவலகத்துக்கு நேரே திரும்பி வந்த நேரம் பார்த்துத்தான் லிம் ஜன்னலைத் திறந்தார். ஐஸ் உறை இல்லாத குதிரை, உடம்பெல்லாம் வேர்வை, வாயோரம் நுரை. பக்கத்தில் ஒற்றைக் காலில் நொண்டும் சன்னாசி, முகமெல்லாம் சேறு.

"சுடாலா," என்றார் லிம் மெதுவாக. "போதும் சன்னாசி. ஒளிக்காத. காய்ச்சலும் வந்துருச்சு."

"போஸ்..."

"நாளைக்குக் காலையில டாக்டர் வருவாங்க. ஒன்பது மணிக்குள்ள பேர எடுத்துடணும்." சொல்லிவிட்டு லிம் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அவரும் அந்தத் தேக்குப் பலகையைத் தினமும் தாண்டித்தானே வருகிறார்.

பாப்பா எண்ணெய் சுடவைத்து சன்னாசியின் காலை நீவிவிட்டாள். "எந்தக் கால குதிரைக்குச் சொன்னீங்க?"

"இடது."

"அதான் வந்து ஒங்ககிட்ட ஒட்டிக்கிச்சு," என்றாள். அன்றைக்கு அவளிடம் வேறு யோசனை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. கொட்டடிக்குள் குப்பன், அவன் பக்கத்தில் சன்னாசி, எதிரே டாக்டர் தினேஸ்வரி. திடலின் குதிரை மருத்துவர், முப்பது வயது இருக்கும், கையில் பை. வாசலில் லிம். அவர் கையில், பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துக்கொள்ளும் தாள், கையெழுத்துக்குத் தயாராக. மற்றொரு கையில் கைப்பேசி. அதில் குப்பனின் உரிமையாளர் செகப்பி ஆச்சியின் குரல் சத்தமாகக் கேட்டது. தெலுக் இந்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பின்னணியில் நாதஸ்வரம்.

"மிஸ்டர் லிம், நீங்க சொல்றது இருக்கட்டும். சன்னாசி அங்க இருக்கானா?"

"இருக்கேன் ஆச்சி."

"நீ சொல்லுப்பா. குதிர ஏம் பேருல இருக்கு, ஆனா அத வளக்கிறது நீதானே? ஓன் வாயால ஒரு வார்த்த சொல்லு. நீ வேணாம்னா எடுத்துருவோம். நல்லா இருக்குன்னா ஓடட்டும். நல்லா இருக்கா, இல்லையா?"

நேரடியான கேள்வி. நேரடியான பதிலைத் தவிர வேறு எதுவும் அதற்கு ஒத்துவராது.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாயாண்டியின் லாயம். அங்கே விளக்குமாறு சரக் சரக்கென்று பெருக்கிக்கொண்டிருந்தது. அங்கே எத்தனை காதுகள் இருக்கின்றன என்று சன்னாசிக்குத் தெரியும். அவர் லிம்மின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். குப்பனைப் பார்த்தார். குப்பன் பசியில் அவருடைய சட்டை நுனியை மென்றுகொண்டிருந்தான். கண்ணு பட்டால் படட்டும். ஓடாத குதிரையின் மேல் பட என்ன இருக்கிறது?

"நல்லா இருக்கு ஆச்சி," என்றார் மெதுவாக.

சொல்லிவிட்டார். இடி விழவில்லை. ஆனால் அணை உடைந்துவிட்டது.

"நல்லா இருக்குன்னா சும்மா நல்லா இல்ல ஆச்சி! இவன மாதிரி ஒருத்தன இந்த இருபத்தெட்டு வருஷத்துல நான் கண்டதில்ல. இனிமேலும் காணமாட்டேன். இப்பிடி ஒண்ணு இனி எங்க பொறக்கப்போவுது? நாலு காலும் தேக்கு. நெஞ்சு கோயில் கதவு. ஓடுறப்ப மண்ணு அதிராது, மாவுல கோலம் போடுற மாதிரி கால வைப்பான். கொணம்? தங்கம்! சின்ன குதிர தண்ணி குடிக்க வந்தா ஒதுங்கி நிப்பான். நான் காய்ச்சல்ல படுத்தப்ப, மூணு நாளு வாயில புல்லு வைக்காம வாசலயே பாத்துக்கிட்டு நின்னான். பெத்த புள்ள செய்யுமா? குப்பன்னு பேரு வச்சேனே, பாவி நான்! ராசாடா நீ! ராசா! ஒன்னக் கழுவிவிட நான் என்ன புண்ணியம் செஞ்சேனோ!"

இரண்டு வருடமாக அவர் ஒரு நாளும் குப்பனைப் பாராட்டியதில்லை. மனதுக்குள் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. கடைசியில் குப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டே அழுதுவிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் விளக்குமாறு நின்றுவிட்டது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

கைப்பேசியில் ஆச்சியின் குரல் இந்தத் தடவை நாதஸ்வரத்துக்குள் அமுங்கித்தான் வந்தது. "ஓடட்டும் மிஸ்டர் லிம்," என்றார் ஆச்சி.

லிம் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் பாக்காம எப்படி ஓடும்?" என்றார் டாக்டர் தினேஸ்வரி. அவருக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனால் வேலை வேலைதான். கால்களைப் பார்க்க வேண்டும் என்று குப்பனைப் பின்பக்க வழியாக மணல் பாதைக்குக் கூட்டிப் போனார். லிம்மும் பின்னாலேயே போனார். சன்னாசியால் அந்தக் காலோடு போக முடியவில்லை. காலியான கொட்டடிக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மாயாண்டி வந்தார். அவர் பின்னால் இன்னும் மூன்று லாயத்து ஆட்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். மாயாண்டி காலியான கொட்டடியைப் பார்த்தார், சன்னாசியின் முகத்தைப் பார்த்தார், குனிந்து அவர் தோளைப் பிடித்தார்.

"மனச விட்டுறாத தம்பி. நாங்கள்லாம் இருக்கோம்."

சன்னாசி தலையை ஆட்டினார். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் கருப்பம்மாள் கடையிலிருந்து ஒரு தே ஓ வந்தது. கேட்காமலேயே வந்தது. எதிரே ஓடப்போகிற குதிரைக்காரர்கள், நேற்றுவரை முறைத்துக்கொண்டு திரிந்தவர்கள்! மனதில் இருப்பதை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் ஊரே இப்படி இளகிவிடுமா என்று சன்னாசி வியந்தார். இத்தனை வருடம் வீணாகப் பயந்துவிட்டோமே என்று இருந்தது.

டாக்டர் முக்கால் மணி நேரம் கழித்துக் குப்பனோடு திரும்பி வந்தார். "கால்ல ஒண்ணும் இல்ல. வயித்துலயும் ஒண்ணும் இல்ல, பசி. காய்ச்சலும் இல்ல," என்றார். "ஒங்க காலக் காட்டுங்கண்ணே. அதுதான் வீங்கியிருக்கு."

பந்தயம் மாலை நாலரைக்கு.

சன்னாசி கம்பி வேலியோரம் நின்றார். தன் கண்ணே பட்டுவிடுமோ என்று விரல் இடுக்கு வழியாகத்தான் பார்த்தார். பத்துக் குதிரைகள் புறப்பட்டன. குப்பன் நாலாவதாக, உள்வரிசையில், அலட்டிக்கொள்ளாமல் போனான். ஆயிரம் மீட்டர் அப்படியே போனது. சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கீழே கடைசி வளைவு வந்தபோது ஜாக்கி கடிவாளத்தைக் கொஞ்சம் தளர்த்தினான், அவ்வளவுதான். சாட்டையைத் தொடக்கூட இல்லை.

குப்பன் வேகம் எடுத்ததாகவே தெரியவில்லை. மற்ற குதிரைகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டது போலத்தான் இருந்தது. இருநூறு மீட்டர் மிச்சம் இருக்கும்போது அவனுக்கு முன்னால் புல்லைத் தவிர எதுவும் இல்லை. சத்தம் போட்டுக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது. தோற்கிற குதிரைக்குப் பணம் கட்டியவர்கள்கூட வாயைப் பிளந்து பார்த்தார்கள். எதையும் வேண்டாமல் பார்க்கிற பார்வை அது. சன்னாசியின் கைகள் முகத்திலிருந்து தாமாகவே இறங்கிவிட்டன. மனிதன் வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படி ஒன்றைக் கண் நிறையப் பார்த்துவிட வேண்டும்.

ஆறு குதிரை நீளம். இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு, பலகைக்கு மூன்றாவது பெயர்.

லிம் ஓடி வந்து சன்னாசியைத் தூக்கினார். சன்னாசி "காலு, காலு" என்று கத்தினார். தெலுக் இந்தானிலிருந்து பட்டுப்புடவையோடு நேரே வந்து இறங்கிய ஆச்சி, கோப்பையை வாங்கி முதலில் சன்னாசி கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்.

எல்லாம் முடிந்து, லாயத்துக்குப் பின்னால் குப்பனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது மாயாண்டியும் அவர் ஆட்களும் வந்தார்கள். மாயாண்டியின் குதிரை மூன்றாவதாக வந்திருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு பொறாமையும் இல்லை. கூடவே கடையைப் பூட்டிவிட்டுக் கருப்பம்மாளும் வந்திருந்தார். நான்கு பேர் சேர்ந்து ஒரு மாலையைத் தூக்கி வந்தார்கள். சம்பங்கியும் ரோஜாவும் நெருக்கிக் கட்டிய மாலை, தொடை கனம், ஆள் உயரம். அதைக் குப்பனின் கழுத்தில் போட்டார்கள். குப்பன் கீழ்ப்பக்கத்து ரோஜாவைத் தின்ன ஆரம்பித்தான்.

சன்னாசி கண் கலங்கிப்போனார். இந்த அளவு மாலையைப் பூக்கடையில் போனவுடன் எடுத்துத் தரமாட்டார்கள். காலையிலேயே சொல்லிவைத்தால்தான் சாயங்காலத்துக்குள் கட்டி முடியும்.

"மாயாண்டி அண்ணே," என்றார். "அப்ப காலையிலயே ஆர்டர் குடுத்திட்டீங்களா? எங்க குப்பன் ஜெயிப்பான்னு அவ்ளோ நம்பிக்கையா ஒங்களுக்கு?"

மாயாண்டி திடீரென்று மேகத்தைப் பார்க்கத் தொடங்கினார். மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். கருப்பம்மாளால்தான் அடக்க முடியவில்லை.

"ஜெயிப்பான்னு யாருப்பா நெனச்சா? உசுரோட இருக்கறத நம்ம சனம் என்னிக்குப்பா இப்பிடிப் புகழ்ந்து பேசியிருக்கு? காலையில நீ அழுதுகிட்டே சொன்னத இவங்க கேட்டு, பாவம் குப்பன் போய்ச் சேந்துட்டான்னு நெனச்சு சொல்லிவச்ச மாலைலா இது!"